அவள் குரலுக்கு நான் எழுதிய கோப்பு

கல்யாணமான புதிதில், ஜேசன் என்று ஒருவன் என் மனைவியோடு வேலை செய்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கட்டுகஸ்தோட்டையில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த மேல்மாடி வீட்டின் சாப்பாட்டு மேசைதான் அவளுடைய கந்தோர். கொழும்பிலுள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தபடியே வேலை செய்தாள். மற்றவர்கள் எழுதும் நிரல்களில் பிழை கண்டுபிடிப்பது அவள் தொழில். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, “ஜேசன் உடைஞ்சிருக்கு, பாருங்க” என்பாள். “நேத்து வந்த ஜேசன் சரியில்ல” என்பாள். நான் நகரசபையின் தண்ணீர்ப் பிரிவில் எழுதுவினைஞன். வேலை முடிந்து வந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே இதைக் கேட்டுக் கேட்டு, ஒருநாள் வாய்விட்டுக் கேட்டேன்.

“யாரு அந்த ஜேசன்? பாவம், எப்பப் பார்த்தாலும் திட்டு வாங்குறான்.”

அவள் கதிரையில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பிறகு மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். திரை முழுக்க அடைப்புக்குறிகளும் மேற்கோள்குறிகளுமாக இருந்தது. “இவன்தான்” என்றாள். ஒரு கணினி இன்னொரு கணினிக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அதை வெறும் எழுத்தாக எழுதி அனுப்பும் முறை அது என்றும், இந்தக் காலத்து மென்பொருள்கள் பெரும்பாலும் இப்படித்தான் பேசிக்கொள்கின்றன என்றும் சொன்னாள். எனக்கு அன்று அதில் அக்கறை இல்லை. அவள் சிரித்ததுதான் மனதில் நின்றது.

அவள் மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. சிறு வயதிலேயே தாயை இழந்தவள். தகப்பன் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து அரைக்கும் ரோலர் மெசின்களுக்குப் பக்கத்திலேயே ஆயுளைக் கழித்தவர். கத்தோலிக்கக் குடும்பம். நான் கண்டி டவுனில் கடை வைத்திருந்த ஓர் இந்துக் குடும்பத்தில் பிறந்தவன். இரண்டு பக்கத்திலும் கொஞ்சக் காலம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள், பிறகு பழகிப்போனது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றிப் பேசுவதை நாங்கள் எப்போதோ நிறுத்தியிருந்தோம்.

முதலில் தடுமாறியது ‘ர’கரம். அவளுடைய பேச்சில் அந்த எழுத்து வரும் இடங்களில் நாக்கு ஒரு கணம் பிந்தி வந்தது. கூட்டம் ஒன்றில் யாரோ, பல்லுக்கு மருந்து கட்டியிருக்கிறீர்களா என்று மரியாதையாகக் கேட்டார்களாம். அதை அவளே வந்து சிரித்துக்கொண்டு சொன்னாள். கொஞ்ச நாளில் தண்ணீர் குடிக்கும்போது புரையேறத் தொடங்கியது. சோதனைகளுக்குக் கண்டியில் அலைந்தோம், கொழும்புக்கு அனுப்பினார்கள், மறுபடியும் கண்டிக்கு வந்தோம். கடைசியில் ஒரு வைத்தியர், தசைகளை அசைக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றன, அதற்கு மருந்தில்லை என்று சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார்.

அவள் அழவில்லை. வேலையில் ஒரு பிழையைப் பற்றி விசாரிப்பதுபோல விசாரித்தாள். குரல் முதலில் போகுமா, கை முதலில் போகுமா? குரல். அதற்குப் பிறகு கைக்கு எவ்வளவு காலம்? சொல்ல முடியாது. கண்? கண் பெரும்பாலும் தப்பும். அறிவு? அதுவும் தப்பும். “அது போதும்” என்று அவரிடம் சொல்லிவிட்டு எழுந்தாள். திரும்பி வரும் பஸ்ஸில் என் கையைப் பிடித்திருந்தாள். கட்டுகஸ்தோட்டைச் சந்தியில் இறங்கி லீக்ஸ் வாங்கினோம். வீட்டில் லீக்ஸ் முடிந்திருந்தது.

அதன்பிறகு பல வாரங்கள் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. அவள் வேலை செய்தாள், நான் கந்தோருக்குப் போய் வந்தேன். ஒரு சனிக்கிழமை காலையில், பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டிருந்தபோது அவளாகவே சொன்னாள்.

“என் குரல இப்பவே எடுத்து வைக்கணும்.”

பேச முடியாதவர்களுக்காகப் பேசும் பலகைகள் இருக்கின்றன என்று தேடிப் பார்த்திருந்தாள். டெப்லெட் கணினியில் பொத்தான் பொத்தானாகச் சொற்கள் இருக்கும். தொட்டால் அது பேசும். தமிழில் ஒன்றைப் போட்டுக் காட்டினாள். அதில் ஒரு பெண் குரல், வானொலிச் செய்தி வாசிப்பதுபோல, “எனக்குத் தாகமாக இருக்கிறது” என்றது.

“நான் என்னைக்காச்சும் இப்படிப் பேசியிருக்கேனா? இந்தப் பொம்பளை நம்ம வீட்டுக்குள்ள வரக்கூடாது.”

அவளும் அவளுடைய கந்தோர்த் தோழி ஒருத்தியுமாகச் சேர்ந்து இரண்டு வாரத்தில் சொந்தமாக ஒரு பலகையைச் செய்தார்கள். அது எளிமையானது. ஒரே ஒரு ஜேசன் கோப்பை வாசிக்கும். அந்தக் கோப்பில் எழுதியிருக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பொத்தானைக் காட்டும். பொத்தானைத் தொட்டால் அந்தச் சொல்லுக்கு எதிரே பேர் எழுதியிருக்கும் ஒலிப்பதிவை ஒலிக்கும். பலகை தயாரான அன்று என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

“இந்தக் கோப்ப நீங்கதான் எழுதணும்.”

“நீ இருக்கிறப்ப நான் ஏன்?”

“கை போன பிறகும் எனக்குப் புதுசு புதுசா ஏதாச்சும் சொல்ல வேண்டி வரும். அப்ப யாரு சேர்க்கிறது? என் கூட்டாளிய ஒவ்வொரு தடவையும் கூப்பிட ஏலுமா?”

அப்படித்தான் பாடம் தொடங்கியது. கந்தோர் விட்டு வந்ததும் குளித்துவிட்டு மேசைக்கு வருவேன். அவள் சொற்கள் ஏற்கெனவே கொழகொழத்திருந்தன. சிலவற்றைத் திரும்பச் சொல்லும்படி கேட்பேன். கோபப்படாமல் திரும்பச் சொல்வாள்.

“சுருள் அடைப்புக்குறி தொறந்தா ஒரு பொருள் தொடங்குது. மூடுனா முடிஞ்சுது. தொறந்தத மூடாம விட்டா மொத்தமும் போச்சு.”

சுருள் அடைப்புக்குறிக்குள் இடதுபக்கம் ஒரு பெயர், நடுவில் முக்காற்புள்ளி, வலதுபக்கம் அதன் மதிப்பு. பெயரை எப்போதும் மேற்கோள்குறிக்குள் எழுத வேண்டும். மதிப்பு எழுத்தாக இருந்தால் அதற்கும் மேற்கோள்குறி, எண்ணாக இருந்தால் வேண்டாம். ஒரு சோடிக்கும் அடுத்த சோடிக்கும் நடுவில் காற்புள்ளி. கடைசிக்குப் பிறகு காற்புள்ளி கூடாது. வரிசையாகப் பல பொருள்களை வைக்கச் சதுர அடைப்புக்குறி; அதற்குள் எழுதிய வரிசை அப்படியே இருக்கும். அவள் முதலில் எழுதிக் காட்டிய இரண்டு வரிகள் இப்போதும் எனக்கு மனப்பாடம்.

{ "சொல்": "தண்ணி வேணும்", "ஒலி": "தண்ணி-2" },

{ "சொல்": "திருப்பிப் படுக்க வைங்க", "ஒலி": "திருப்பு-1" }

“இதுக்குப் பக்கத்துல எனக்கு ஒரு குறிப்பு எழுதி வைக்கலாமா, எதுக்கு இந்த வரின்னு?” என்று கேட்டேன். கந்தோரில் எல்லாவற்றுக்கும் ஓரத்தில் பென்சிலால் குறிப்பு எழுதிப் பழகியவன் நான்.

“ஏலாது. ஜேசன்ல குறிப்புக்கு இடமில்ல. கணினிக்கு வேண்டியது மட்டும்தான். உங்களுக்கு வேண்டியத நீங்கதான் ஞாபகம் வச்சுக்கணும்.”

பிறகு ‘நல்’ என்ற ஒன்றைச் சொன்னாள். ஆங்கிலச் சொல்தான், மேற்கோள்குறி இல்லாமல் சின்ன எழுத்தில் அடிக்க வேண்டும். ஒரு பெயருக்கு எதிரே மதிப்பு எதுவும் இல்லையென்றால் இடத்தை வெறுமையாக விடக்கூடாதாம். ‘நல்’ என்று எழுத வேண்டுமாம். “இடம் இருக்கு, ஆனா அதுல ஒண்ணும் இல்லன்னு அர்த்தம்.” எங்கள் காதுக்கு அது ‘நல்ல’ என்ற சொல்லின் பாதிபோல ஒலித்தது. ஒன்றுமில்லாததற்கு இவ்வளவு நல்ல பெயரா என்று கேட்டேன். அவள் மடிக்கணினியை மூடினாள். அன்று சீக்கிரமாகப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் கந்தோரில் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து, நானாகவே பத்துப் பன்னிரண்டு வரி அடித்துப் பார்த்தேன். கடிதம் அடிக்கும் மென்பொருளில்தான் அடித்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டால் பலகை வெறுமையாக நின்றது. அவள் திரைக்குக் கிட்டக் குனிந்து பார்த்தாள். என் மேற்கோள்குறிகள் எல்லாம் அழகாக வளைந்திருந்தன. கடிதம் அடிக்கும் மென்பொருள் அதுவாகவே அவற்றை வளைத்துவிட்டிருந்தது. ஜேசனுக்கு நேரான குறிதான் வேண்டும். வளைந்ததை அது மேற்கோள்குறியாகவே மதிக்காது.

அவள் சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. தோள் குலுங்க, மூச்சு முட்ட, கண்ணீர் வழியச் சிரித்துக்கொண்டே இருந்தாள். இந்த நோயில் அப்படி வரும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். சிரிப்பும் அழுகையும் கட்டுப்பாட்டில் நிற்காது. நான் அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டு, இது எந்தச் சிரிப்பு என்று தெரியாமல் நின்றேன். அடங்கிய பிறகு வாயைத் துடைத்துவிட்டு, மெல்ல, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

“மொதப் பாதி நான் சிரிச்சது. மிச்சம் இந்த வியாதி சிரிச்சது.”

ஒலிப்பதிவைக் காலையில்தான் செய்தோம். அப்போதுதான் அவளுடைய நாக்குக்குக் கொஞ்சம் தெம்பு இருந்தது. அறையில் எதிரொலி வருகிறது என்று அலுமாரிக் கதவைத் திறந்துவைத்து, தொங்கிக்கொண்டிருந்த சேலைகளுக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டு பேசுவாள். நான் பின்னால் நின்று போனைப் பிடித்திருப்பேன். பாலத்துப் பக்கமிருந்து பஸ்களின் ஹோன் சத்தம், பள்ளிவாசல் வாங்கு, பாண் விற்கும் ஆட்டோவின் பாட்டு எல்லாம் இடையில் வரும். கீழ்வீட்டில் வாடகை வாங்கும் முஸ்லிம் அம்மா விஷயம் அறிந்ததிலிருந்து காலையில் கிரைண்டர் போடுவதை நிறுத்திவிட்டார். அப்படியிருந்தும் ‘பசிக்குது’ என்ற பதிவில் பாண் ஆட்டோவின் பாட்டு விழுந்துவிட்டது. மறுபடி பதியலாம் என்றேன். பொருத்தமாகத்தானே இருக்கிறது, இருக்கட்டும் என்றாள்.

என்னென்ன சொற்கள் வேண்டும் என்பதில் எங்களுக்குள் சண்டை வந்தது. நான் மருந்து, வலி, மூச்சு என்று யோசித்தேன். அவள் கோபத்துக்கென்று தனிப் பக்கம் கேட்டாள்.

“கோபத்துக்கு எதுக்கு?”

“வாய் போன பிறகு நீங்க எல்லாரும் சேர்ந்து என்னைய ரொம்ப நல்லவளா ஆக்கிருவீங்க. எனக்குத் திட்டணும்.”

‘அந்த டீவிய நிப்பாட்டுங்க’, ‘இது எனக்கு வேணாம்’, ‘வேணாம்னா வேணாம்’, ‘லூசு’ எல்லாம் அந்தப் பக்கத்தில் சேர்ந்தன. ஆஸ்பத்திரியில் தேவைப்படும் என்று சிங்களத்துக்கும் ஒரு பக்கம் வைத்தாள். ‘வத்துர’ என்றால் தண்ணீர், ‘ரிதெனவா’ என்றால் வலிக்கிறது. கடைசியில் என்னைப் பார்த்து, “உங்களுக்குன்னு என்ன வேணும்?” என்றாள். நான் யோசிப்பதற்குள், அவள் சேலைகளுக்குள் முகத்தை வைத்து, சமையலறையிலிருந்து என்னைக் கூப்பிடும் அதே குரலில், “என்னங்க” என்றாள். நான் பின்னால் நின்றபடி, பழக்கத்தில், “என்னா?” என்று கேட்டுவிட்டேன். அதுவும் பதிவாகிவிட்டது. வெட்டி எடுக்க வேண்டியிருந்தது.

அவளுடைய அப்பாவுக்கான சொற்களை மட்டும் அவள் தள்ளிக்கொண்டே போனாள். அவரிடம் விஷயத்தைச் சொல்லவே இல்லை. போனில் பேசும்போது தடிமன் பிடித்திருக்கிறது என்பாள், பல்வலி என்பாள். மனைவியைப் பறிகொடுத்துத் தனியாக நின்று வளர்த்த மனிதரிடம் எப்படிச் சொல்வது என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. கடைசியில் நான் மடுல்கெல்லவுக்குப் போய்ச் சொன்னேன். அவர் அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பி வந்தார். ஒரு பையில் இரண்டு உடுப்பு, இன்னொரு பையில் ஆனைக்கொய்யாப் பழம். “இது மெதுவா இருக்கும், முழுங்கலாம்” என்று என்னிடம் கொடுத்தார். வந்தவர் திரும்பிப் போகவில்லை. அவளைக் குளிப்பாட்டும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அவள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தார்.

அவர் வந்த வாரம் அவருக்காக மறுபடியும் அலுமாரியைத் திறந்தோம். ‘அப்பா, சாப்டீங்களா’ என்பதுதான் முதலில் பதிய வேண்டியது. தோட்டத்தில் இருந்த காலம் முதல் அவரைக் கண்டதும் அவள் கேட்கும் முதல் கேள்வி அது. அவளால் முடியவில்லை. சத்தம் மூக்கால் வழிந்து, சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஏதோ ஒரு முனகல்போல வந்தது. பல தடவை முயன்றாள். பிறகு போனில் விரலால் தட்டி எனக்குக் காட்டினாள். ‘போடாதீங்க. நல் வைங்க.’

அவள் சொன்னபடியே செய்தேன். பொத்தான் இருந்தது, தொட்டால் சத்தம் வராது. அதற்குப் பிறகு அவள் பேசவே இல்லை. பேச முயலவும் இல்லை. பலகைதான் பேசியது.

மாமாவுக்குப் பலகை பிடித்துப்போனது. மகள் தொட்டதும் மகளின் குரலே வருவதைக் கேட்டுத் தலையை ஆட்டுவார். தொழிற்சாலையில் மெசின் சத்தத்துக்கு நடுவில் இருந்து இருந்து அவருக்குக் காது மந்தம். பலகைக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோய்க் கேட்பார். ஒருநாள் பக்கம் பக்கமாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் தன்னுடைய பொத்தானைக் கண்டார். தொட்டார். மறுபடி தொட்டார்.

“மாப்பிள்ளை, எல்லாம் பேசுது. என்னோடது மட்டும் ஏன் பேச மாட்டேங்குது?”

நான் அவளைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வேறு வழியில்லாமல் நடந்ததைச் சொன்னேன். பதிவு இருக்கிறது, தெளிவாக இல்லை, அதனால் அவள் வேண்டாம் என்றுவிட்டாள் என்றேன். அவர் பலகையைக் கட்டிலில் வைத்தார். பிறகு அவள் பக்கம் திரும்பி, வழக்கம்போலச் சத்தமாகச் சொன்னார்.

“எனக்கு எல்லாரும் பேசுறதே அப்படித்தான்மா கேக்குது. இருபது வருசமா அப்படித்தான் கேக்குது. நீ அப்படியே போடச் சொல்லு.”

அவள் கண்ணைத் திறந்து அவரை வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கண்ணை மேலே உயர்த்தினாள். ஆம் என்பதற்கு நாங்கள் வைத்திருந்த அடையாளம் அது. கை அதற்குள் ஏறக்குறைய ஓய்ந்திருந்தது.

நான் உடனே உட்கார்ந்து அந்த வரியில் ‘நல்’ இருந்த இடத்தில் ஒலிப்பதிவின் பெயரை எழுதினேன். எழுதும்போதே, வேறு ஒன்றையும் சேர்த்துவிடலாம் என்று தோன்றியது. அவளுடைய பழைய போனில் கிடந்த ஒரு குரல் செய்தியிலிருந்து ‘அப்பா, கவனம்’ என்ற துண்டை வெட்டி வைத்திருந்தேன். அது நோய்க்கு முன் எடுத்த தெளிவான குரல். அதற்கு ஒரு புது வரியைக் கீழே எழுதி, சேமித்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். மாமா மாதா கோயிலுக்குப் போவதற்காகக் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

அறையிலிருந்து ஒரு முனகல் கேட்டது. ஓடிப்போனேன். அவள் முகம் கோணியிருந்தது, நெற்றியில் வியர்வை. டெப்லெட்டை முன்னால் கொண்டுபோய்ப் பிடித்தேன். திரை வெறுமையாக இருந்தது. ஒரு பொத்தான்கூட இல்லை. மூடித் திறந்தேன். வெறுமை. கால் இழுக்குதா என்று கேட்டேன். கண் அசையவில்லை. மூச்சா? இல்லை. வயிறா? இல்லை. மாமா வந்து காலைத் தேய்த்தார். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. என்ன வேண்டும் என்று கேட்கக்கூடியதையெல்லாம் கேட்டு முடித்துவிட்டேன்; அதற்குப் பிறகு எனக்குக் கேள்வி வரவில்லை.

மடிக்கணினியைக் கொண்டுவந்து அவளுடைய முகத்துக்கு நேரே வைத்தேன். கோப்பைத் திறந்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. வலியோடு வலியாகத் திரையைப் பார்த்தாள். நான் ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கிக்கொண்டு வந்தேன். கடைசிக்கு முந்திய வரியில் கண்ணை உயர்த்தினாள். ‘அப்பா, சாப்டீங்களா.’ வரி சரியாகத்தானே இருக்கிறது என்று நினைத்தேன். மேற்கோள்குறி இருக்கிறது, அடைப்புக்குறி மூடியிருக்கிறது. அவள் மறுபடியும் கண்ணை உயர்த்தினாள். அப்போதுதான் தெரிந்தது. அதுவரை அதுதான் கடைசி வரி. அதற்குப் பின்னால் காற்புள்ளி இருந்ததில்லை. நான் அதன் கீழே புது வரி எழுதியபோது காற்புள்ளி போட மறந்திருந்தேன். அந்த ஒரு புள்ளிக்காக அவளுடைய எல்லாச் சொற்களும் நின்றுபோயிருந்தன.

போட்டேன். பொத்தான்கள் திரும்பி வந்தன. ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு போனேன்; அவள் கண்ணை உயர்த்திய இடத்தில் தொட்டேன். “கழுத்து” என்றது அவள் குரல். அடுத்து, “தலையணை.” தலையணை மடிந்து கழுத்துக்குக் கீழே போய், தலை பின்னால் சரிந்திருந்தது. இவ்வளவுதான். மாமா தூக்கிப் பிடிக்க, நான் அதை இழுத்துச் சரிசெய்தேன். அவள் முகம் மெல்லத் தளர்ந்தது. இன்னும் ஏதோ இருக்கிறது என்று கண்ணால் காட்டினாள். பக்கங்களைத் திருப்பினேன். கோபப் பக்கத்தில் நிறுத்தினாள்.

“லூசு” என்றது பலகை.

நான் கட்டிலில் தலையை வைத்து அழுதேன். மாமாவுக்கு அது சரியாகக் கேட்கவில்லை. “என்னா சொல்றா?” என்று என்னைக் கேட்டார். என்னைத் திட்டுறா மாமா என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

அன்று அவர் கோயிலுக்குப் போகவில்லை. ஆறிய தேத்தண்ணியைச் சூடாக்கி இருவரும் குடித்தோம். பிறகு அவர் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தன் பொத்தானைத் தொட்டார். அந்த முனகல் வந்தது. “சாப்டேம்மா” என்று பதில் சொன்னார். அதன்பிறகு வேளைக்கு வேளை அப்படித்தான். அவள் கண்ணை உயர்த்துவாள், அவர் தொடுவார், அவரே பதில் சொல்வார்.

மழைக்காலம் தொடங்கியதும் நெஞ்சில் சளி பிடித்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வார்டில் பலகை முதல் தடவை “மிஸ், ரிதெனவா” என்றபோது தாதி திடுக்கிட்டுத் திரும்பினார். அதற்குப் பிறகு அவர் அவளிடம் நேராகவே பேசினார். எங்கே வலிக்கிறது, இங்கேயா, அங்கேயா என்று கேட்டு, பதிலுக்காகக் காத்து நின்றார். மற்றவர்கள் எல்லாரும் அவளைப் பற்றி என்னிடம்தான் பேசினார்கள். அந்தத் தாதியின் முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

கடைசி நாட்களில் அவளுக்குப் பலகை வேண்டியிருக்கவில்லை. முன்னால் பிடித்தால் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள். நான் விடாமல் பக்கங்களைத் திருப்பிக்கொண்டிருந்தேன். தண்ணியா, கழுத்தா, திருப்பணுமா? அவள் என்னைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள். சொல்ல எதுவும் இல்லாமலும் ஒருவர் இருக்கலாம் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. ஒரு பகல், நான் மருந்துக்கடைக்குப் போயிருந்த நேரத்தில், மாமாவின் கை அவள் கையில் இருக்கும்போது போய்விட்டாள். திரும்பி வந்த என்னிடம் அவர், “ஒண்ணும் கேக்கல மாப்பிள்ளை. சும்மா தூங்குற மாதிரிதான்” என்றார். மடுல்கெல்லவில், அவளுடைய தாயை அடக்கம் செய்த இடத்துக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தோம். மழையில் மண் வழுக்கியது. பெட்டியைத் தூக்கியவர்கள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.

காரியங்கள் முடிந்து மாமா தோட்டத்து வீட்டிலேயே தங்கிவிட்டார். அவருடைய போனில் அந்தப் பதிவுகளைப் போட்டுத் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். “அது அவ கண்ணால சொல்லி நான் தொட்டது. இப்ப நானா தொட்டா யாரு கேக்குறது?” நான் மறுபடி கேட்கவில்லை. என்னிடம் கோப்பும் பதிவுகளும் அப்படியே இருக்கின்றன. பதிவுகளை நான் திறப்பதில்லை. டெப்லெட்டை மட்டும் சில காலம் பழக்கத்தில் சார்ஜில் போட்டுக்கொண்டிருந்தேன்.

சில மாதங்கள் கழித்து, அவளைப் பார்த்துவந்த பேச்சுப் பயிற்சியாளர் போன் செய்தார். கலஹாவில் ஒருவருக்கு இதே நோய், லொறி ஓட்டியவர், அந்தப் பலகையைக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். சரி என்றேன். அவளுடைய குரலை எடுத்துவிட்டு வெறும் சொற்களை மட்டும் வைத்து ஒரு பிரதி செய்ய வேண்டியிருந்தது. ஒலி என்ற பெயருக்கு எதிரே இருப்பதையெல்லாம் ‘நல்’ ஆக்க வேண்டும். ஒவ்வொரு வரியாக மாற்ற எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் சொல்லித் தந்திருந்த ஒரே கட்டளையில் மாற்றினேன். விரலை எடுப்பதற்குள் முடிந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரம் முடியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. 

பேராதனையில் பஸ் மாறிக் கலஹாவுக்குப் போனேன். வீடு தேயிலைக்கு நடுவில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குச் சற்றுத் தள்ளி இருந்தது. அவர் சாய்வு நாற்காலியில் கிடந்தார். குரல் முழுதாகப் போய்விட்டிருந்தது. நான் பிந்திவிட்டேன். பலகையை எடுத்துக் காட்டி, இதில் போட அவருடைய பழைய பதிவுகள் ஏதாவது இருக்கிறதா என்று அவருடைய மனைவியிடம் கேட்டேன். ஒன்றும் இல்லை. அவர் போனில் அதிகம் பேசாத மனிதராம்.

அந்த அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்.

“நான் பேசுனா ஆகாதுங்களா?”

ஆகும் என்றேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். போனை நீட்டினேன்.

“எப்படிச் சொல்லணும்? அவருக்குத் தண்ணி வேணும்னா, எனக்குத் தண்ணி வேணும்னா?”

எனக்கு அது யோசனையில் வந்திருக்கவில்லை. இருவருமாக அவரைப் பார்த்தோம். அவர் வளைந்த விரலை மெல்லத் தூக்கித் தன் நெஞ்சைக் காட்டினார்.

“எனக்குத் தண்ணி வேணும்” என்றார் அந்த அம்மா. அடுத்தது, “எனக்குப் பசிக்குது.” அதுவும் வந்தது. “எனக்கு வலிக்குது” என்ற இடத்தில் நின்றுவிட்டார். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். நான் அவருடைய கணவரோடு முன்னறையில் இருந்தேன். வெளியே யாரோ கோழியை விரட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அந்த அம்மா திரும்பி வந்து மிச்சத்தைச் சொல்லி முடித்தார். அவருடைய அக்காளின் மகள் கணினி படித்தவளாம். அவளுக்குக் கோப்பைத் திறந்து காட்டி, எதை எங்கே எழுத வேண்டும், எதை மறக்கக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தேன். வேகமாகப் பிடித்துக்கொண்டாள்.

என்னைப் பஸ் ஏற்றிவிடுவதற்காக அந்த அம்மா ரோட்டுவரை வந்தார். பனி இறங்கத் தொடங்கியிருந்தது.

“ஒங்க சம்சாரத்துக்கு யாருங்க பேசுனது? நீங்களா?”

“இல்லங்க. அவங்களே பேசி வச்சிருந்தாங்க.”

“கொடுத்து வச்சவரு நீங்க” என்றார்.

பஸ் வந்தது. ஏறிக்கொண்டேன்.